ஒரு டின் கழனித்தண்ணி

பங்களாவுக்கு வந்ததும் தோட்டக்காரி பஞ்சாலை முதலில் செய்கிற காரியம், ஆள்காட்டி விரலைத் தொட்டி மண்ணுக்குள் விடுவதுதான். இரண்டாவது கணு வரை விடுவாள். ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. மண் ஒட்டாமல் உதிர்ந்தால் இரண்டு குவளை. இடப்பக்கத் தொட்டி, பிறகு வலப்பக்கத் தொட்டி. அதற்கப்புறம்தான் கூட்டுமாற்றைத் தேடுவாள்.

கோலா கிளாவாங்கிலிருந்து மலைப்பக்கமாக ஏழு மைல் உள்ளே இருந்தது அந்தத் தோட்டம். பலகையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தமிழர்களுக்கு அது கல்லுமலைத் தோட்டம். ரப்பர் பால்மரத்தைத் தவிர வேறு மரத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஆனால் துரை பங்களா வாசற்படியின் இரண்டு பக்கமும், பீப்பாயைப் பாதியாக அறுத்த தொட்டிகளில் நின்ற இரண்டு மரங்களுக்காகவே ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். துரைசாணி அவற்றைப் பே மரம் என்றார். ஜப்பான்காரன் போன பிறகு சீமையிலிருந்து கப்பலில் கூடவே கொண்டுவந்தவை. தண்டு கம்பம் மாதிரி நேராக ஏறும். உச்சியில் இலையெல்லாம் பந்தாக வெட்டி விடப்பட்டிருக்கும். சமையற்காரர் சன்னாசி அதன் இலையைக் கிள்ளி சூப்பில் போடுவார். பிரிஞ்சி இலைக்கு வெள்ளைக்காரப் பங்காளி என்பார்.

தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள் அதைப் பேய் மரம் ஆக்கிவிட்டார்கள்.

"ஒனக்கென்னடி, பேய்க்கு முடி வெட்டி விட்டுச் சம்பளம் வாங்குற. நாங்க அட்டக்கடியில சாவுறோம்," என்பாள் பக்கத்து வீட்டு முத்தாயி.

"பேய் மொட்டை போட்டுக்க மாட்டேங்குதே. போட்டா எனக்கும் வேலை மிச்சம்," என்பாள் பஞ்சாலை.

பஞ்சாலைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து புல்வெட்டு வேலை. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் தொடங்கிய இரண்டாம் மாதம் அவள் கணவர் நல்லசாமியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் வெடி வைத்தவர் அல்ல, துப்பாக்கி தொட்டவரும் அல்ல. எழுதப் படிக்கத் தெரிந்தவர். தொழிலாளர் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டினார். அது போதுமானதாக இருந்தது. லாரியில் ஏறும்போது, "கூரையில ரெண்டு தகரம் ஆடுது, கங்காணி மண்டோர்கிட்டச் சொல்லி ஆணி அடிச்சுக்க," என்றார். மூன்றாவது வருடமாக அவர் தடுப்பு முகாமில் இருந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். சில வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும்.

ஐம்பத்தொன்றாம் வருடம் பிப்ரவரியில் வந்த கடிதத்தில் ஒரு வரியும் அடிக்கப்படவில்லை. ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் பட்டியலில் தன் பெயர் இருப்பதாக நல்லசாமி எழுதியிருந்தார். ஊர் என்றால் சேலம் ஜில்லா. ஏழு வயதில் அப்பன் தோளில் கப்பல் ஏறி வந்தவர். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்தது ஒரு கிணறு மட்டும்தான்.

கடிதத்தைத் தோட்டத்து ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனாள். குமாஸ்தாவான கிராணி இராஜமாணிக்கம் இரண்டு தடவை படித்தார்.

"இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. தொர ஜாமீன் எழுதணும். 'இந்த ஆளுக்கு நான் பொறுப்பு, வேலையும் வீடும் கொடுக்குறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டா நிறுத்தி வைப்பாங்க. மத்த தோட்டத்துல ரெண்டு பேருக்கு நடந்திருக்கு."

"நீங்க கேட்டுப் பாருங்க கிராணி ஐயா."

"நான் கேட்டா நாளைக்கு என் பேரும் பட்டியல்ல வந்துடும். நீ பங்களாக்காரி. நீ கேளு."

துரையிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றார். துரை 'பார்க்கலாம்' என்று சொன்ன எதையும் அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. எனவே துரைசாணியிடம் கேட்டாள். துரைசாணிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் தூக்கம் போய்விட்டது. ஏப்ரலில் ஆறு மாதத்துக்குச் சீமைக்குப் போவதாக இருந்தார். பெட்டி கட்டுகிற நாளில் படியில் நின்று பஞ்சாலை சொன்னதைக் கேட்டார். பிறகு இரண்டு மரங்களையும் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"இது ரெண்டும் நான் வரும்போது உயிரோட இருக்கணும். நல்லா இருந்தா, நான் தொரைகிட்ட பேசும். சரியா, பஞ்சாலை?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பஞ்சாலை சிரிக்கவில்லை. கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொன்ன வார்த்தையைப் போல அதை வாங்கிக்கொண்டாள். மரம் இருந்தால் மனிதர் திரும்பி வருவார். கணக்கு அவ்வளவுதான்.

துரைசாணி போன பத்தாம் நாள் மழை பிடித்தது. ஏப்ரல் மழை மே மாதம் பாதி வரை விடவில்லை. வலப்பக்க மரத்தின் அடி இலைகள் மஞ்சளாயின. முதல் நாள் மூன்று. மறுநாள் ஏழு. அதற்கப்புறம் எண்ண முடியவில்லை; காலையில் படியெல்லாம் உதிர்ந்து கிடந்தன.

"அது குளிர் நாட்டு மரம், தங்கச்சி. இந்தப் புழுக்கத்துல நின்னதே பெருசு," என்றார் சன்னாசி, சமையற்கட்டு வாசலில் உருளைக்கிழங்கு உரித்தபடி. "நானே இங்க வந்து பாதி உதுந்துட்டேன்."

"நீங்க உதுந்தா யாரும் ஜாமீன் கேக்கப் போறதில்ல அண்ணே. கொஞ்சம் வந்து தொட்டியைச் சாய்ங்க."

இருவருமாகத் தொட்டியைச் சாய்த்தார்கள். அடியில் துளைகள் வேரால் அடைபட்டிருந்தன. மண் சேறாக நாறியது. ஓரத்து வேர்கள் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உரிந்து வந்தன. பஞ்சாலை கறுத்ததையெல்லாம் கத்தரியால் நறுக்கினாள். சன்னாசி இரும்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பீப்பாயின் அடியில் ஆறு துளை போட்டார். ஆற்று மணலும் உடைந்த ஓடும் அடியில் பரப்பி, மரத்தைத் திரும்ப நிறுத்தி, நாலு செங்கல்மேல் தூக்கி வைத்தார்கள். அப்புறம்தான் இலைக்கு அடியில் ஒட்டியிருந்த பழுப்புச் செதில்களை அவள் கவனித்தாள். பூச்சி. எறும்பு வரிசையாக ஏறி அதன் தேனைக் குடித்துக்கொண்டிருந்தது. சவுக்காரத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வோர் இலையையும் தனித்தனியாகத் துடைத்தாள். ஒரு மரத்துக்கு ஒன்றரை நாள் பிடித்தது. துடைத்து முடித்த மறுவாரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

மரம் சாகவில்லை. ஆனால் துளிர்க்கவும் இல்லை. ஜூன் வந்தும் உச்சியில் ஒரு கொழுந்து கிளம்பவில்லை. உருண்டையில் ஒரு பக்கம் சொட்டை விழுந்து, உள்ளே குச்சி தெரிந்தது.

வேருக்குத் தெம்பு வேண்டும் என்று பஞ்சாலைக்குத் தோன்றியது. அவள் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலை நின்றது. அரிசி கழுவிய கழனித்தண்ணியை இரண்டு நாள் புளிக்க வைத்து ஊற்றித்தான் அதை வளர்த்திருந்தாள். அந்த லயத்தில் மாடு இல்லாத வீட்டில் கழனித்தண்ணி கறிவேப்பிலைக்குத்தான் போகும். வாசனை இலைக்கு வாசனை இலை, ஒரு தாய் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். பால்டின் ஒன்றில் கழனித்தண்ணியைப் பிடித்துப் புளிக்க வைத்து, டின் விளிம்பில் பிடிக்கக் கம்பி கோத்துப் பங்களாவுக்கு எடுத்துப் போனாள். பங்களாவில் துரை தனியாளாக ரொட்டிதான் தின்றார். அங்கே அரிசி கழுவவே இல்லை.

மூன்றாம் வாரம் வலப்பக்க மரத்தில் கொழுந்து வந்தது. செம்பு நிறத்தில், எலிக்குட்டியின் காது போல ஒன்று. அன்று அவள் சன்னாசியைக் கூப்பிட்டுக் காட்டினாள். கொழுந்து வந்த சங்கதியை முகாமுக்கும் எழுதச் சொன்னாள். கிராணி அதை எழுதிக் கொடுத்தார். 'மரம் பிழைத்துவிட்டது, நீங்கள் கவலைப்படாதீர்கள்' என்று முடித்தார்.

சிக்கல், டின்னில் இருந்த தண்ணீரில் இல்லை. அது போகிற வழியில் இருந்தது.

லயங்களைச் சுற்றி அதற்குள் இரட்டைக் கம்பி வேலி போட்டாயிற்று. ஒரே வாசல்; பங்களா அதற்கு வெளியே. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று ஜூனிலிருந்து புதுச் சட்டம்: ஒரு மணி அரிசிகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது. பால்வெட்டுக்காரர்கள் பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு பால் வெட்டினார்கள். காலையில் வாசலில் வரிசை நின்றது. பால் வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், மடியை உதறிக் காட்ட வேண்டும். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வந்தாள். வாசல் காவலில் இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரமுத்து அதே தோட்டத்துப் பையனாக வளர்ந்தவன். நல்லசாமி பத்திரிகை வாசித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன்.

"என்னக்கா, பேய்க்குப் பால் கொண்டு போறீங்களா?" என்பான் டின்னை எட்டிப் பார்த்து.

"மோந்து பாரு. ஒனக்கும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"ஊத்துனா எனக்கும் கொழுந்து வருமா லா? தலையில முன்பக்கம் தேவைப்படுது."

வரிசை சிரிக்கும். அவன் விட்டுவிடுவான். ஒருநாள் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அக்கா, அடியில குருணை கிடக்குது. வடிகட்டிக் கொண்டு போங்க."

கூப்பன் அரிசி பாதியும் குருணைதான். களையும்போது தண்ணீரோடு வழிந்து டின்னின் அடியில் வெள்ளையாகத் தங்கும். பஞ்சாலைக்கு அது தெரியும்.

"வடிகட்டிட்டு அதை எங்கடா கொட்டுறது? புளிச்சுப் போனதைத் திங்க முடியாது. மண்ணுல போட்டா மிதிபடும். வேருக்குப் போனா பாவமில்ல."

"அது சரிதான் அக்கா. ஆனா சட்டத்துக்குப் பாவம் தெரியாது."

அவள் வடிகட்டவில்லை. அரிசி காலில் படக் கூடாது. வீணான மணி ஒரு மரத்தடிக்காவது போக வேண்டும். அவள் வீட்டில் அது சட்டத்துக்கு முந்திய சட்டம்.

ஆகஸ்டு பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, வாசலில் புது போலீஸ் அதிகாரி ஒருவர் நின்றார். டவுனிலிருந்து ஆறு பேரோடு வந்திருந்தார். முந்தின வாரம் காட்டில் பிடிபட்ட பை ஒன்றில் அரிசி இருந்ததாம்; எந்தத் தோட்டத்து அரிசி என்று தேடி வந்திருந்தார்கள். பஞ்சாலை டின்னோடு வரிசையில் நின்றாள். வீட்டுக்குத் திரும்பிப் போய் வைத்துவிட்டு வரலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். வரிசையிலிருந்து விலகினாலே சந்தேகப்படுவார்கள் என்று நின்றாள். தவிர, அன்று தண்ணீர் நன்றாகப் புளித்திருந்தது.

அதிகாரி டின்னை வாங்கி, கைக்குட்டையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, மெதுவாகச் சாய்த்தார். தண்ணீர் போனது. குருணை துணியில் நின்றது. ஒன்றரை மேசைக்கரண்டி இருக்கும்.

"யாருக்கு?" என்று உடன் வந்தவர் தமிழில் கேட்டார்.

"மரத்துக்குங்க."

சிலர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை.

"காட்டுல இருக்குற மரமா?"

"தொரசாணி மரங்க. பங்களாவுல. உச்சியில கொழுந்து வந்திருக்கு, வந்து பாருங்க."

அதிகாரி வீரமுத்துவிடம் திரும்பினார். இந்தப் பெண் தினமும் இதைக் கொண்டுபோகிறாளா என்று கேட்டார். வீரமுத்து பஞ்சாலையைப் பார்த்தான். இடுப்பு வார்ப்பூட்டைச் சரிசெய்துகொண்டான். அவனுக்கு இரண்டு குழந்தைகள். இந்த உடுப்புக்கு முன்னால் அவன் பால்வாளி சுமந்தவன்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றான்.

குருணையை ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு, மேலே காகிதம் ஒட்டி, பெயரும் தேதியும் எழுதினார்கள். பஞ்சாலையையும் தீப்பெட்டியையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவள் முத்தாயியிடம் திரும்பி, "சன்னாசி அண்ணன்கிட்டச் சொல்லு. விரலை விட்டுப் பார்க்காம தண்ணி ஊத்த வேணாம்," என்றாள்.

கோலா கிளாவாங்கில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டார்கள், ஒரே பதிலை அவள் சொன்னாள். கணவன் எங்கே என்று கேட்டபோது முகாமில் என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு வரி கூடுதலாக எழுதினார். மூன்றாம் நாள் மாலை துரையே காரில் வந்தார். மரத்துக்காகத்தான், எங்கள் தோட்டக்காரிதான் என்று சொல்லி அழைத்துப்போனார். வழியெல்லாம் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். இறங்கும்போது மட்டும், "தண்ணிக் குழாய்ல தண்ணி இல்லையா?" என்று கேட்டார்.

வழக்கு போடவில்லை, மூடவும் இல்லை. மாதம் இருமுறை போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். தோட்டம் இருந்த ஜெலுபு மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. தீப்பெட்டி ஸ்டேஷனில் இருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் கிராணி சன்னாசியிடம் சொல்லி அவளை அழைத்துவரச் செய்தார். ஆபீசில் வேறு யாரும் இல்லை. நாற்காலியைக் காட்டினார், அவள் உட்காரவில்லை.

"பதில் வந்திருக்கு," என்றார்.

"என்ன பதிலுங்க? யாரு எழுதினா?"

இராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"தொர ஜாமீன் எழுதினாரு. மே மாசமே எழுதிட்டாரு. நான்தான் டைப் அடிச்சேன். ரகசியக் கடுதாசி, வெளிய சொல்லக் கூடாது. தொரசாணி கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாளே அவர்கிட்ட வாக்கு வாங்கிட்டுத்தான் போயிருக்காங்க."

பஞ்சாலை விரலை மடக்கி மாதத்தை எண்ணினாள்.

"மே மாசமா?"

"மே மாசம் நாலாந்தேதி."

அப்போது மரம் மஞ்சள் உதிர்த்துக்கொண்டிருந்தது. தொட்டியைச் சாய்க்கவே இல்லை.

"அப்ப மரம் செத்திருந்தாலும்..."

"செத்திருந்தாலும் கடுதாசி போயிருக்கும்." அவர் மேசைமேல் இருந்த தாளைத் திருப்பி வைத்தார், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதை மறந்து. "ஜூலைல சர்க்கார்ல பாதி சரின்னுதான் இருந்தாங்க. இப்ப எழுதியிருக்காங்க: சம்சாரமே வேலிக்கு வெளிய அரிசி கொண்டுபோன விஷயத்துல விசாரணையில இருக்குறதால, அந்த வீட்டுக்கு ஆளைத் திருப்பி விடுறது பாதுகாப்பு இல்ல. ஜாமீன் ஏத்துக்க முடியாது."

அவள் தாளை அவர் பக்கமே திருப்பி வைத்தாள். பிறகு, "எப்ப அனுப்புறாங்க?" என்றாள்.

"இருபதாந்தேதி கப்பல். குடும்பம் கூடப் போகலாம்னு விதி இருக்கு. ஆனா நீ மாவட்டத்தை விட்டு நகரக் கூடாது. கேட்டுப் பார்த்தேன் பஞ்சாலை. சத்தியமாக் கேட்டேன். விசாரணை முடியட்டும்கிறாங்க."

இருபதாம் தேதி வியாழக்கிழமை. பஞ்சாலை வேலைக்குப் போனாள். மண்ணுக்குள் விரலை விட்டாள். இரண்டு தொட்டியிலும் ஈரம் இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கத்தரியை எடுத்து உருண்டையைத் திருத்தினாள். இலையை நறுக்கக் கூடாது, ஓரம் கறுத்துப்போகும். கணுவுக்கு மேலே குச்சியைத்தான் நறுக்க வேண்டும். அதை அன்றும் மறக்கவில்லை. பத்து மணிக்கு சன்னாசி சாயாத் தண்ணியோடு வந்தார். டம்ளரைப் படியில் வைத்தார்; அன்று அவரிடம் ஒரு கேலியும் இல்லை.

"அங்க கெணறு ஒண்ணு இருக்குமாம்," என்றாள் அவள், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அதைத் தவிர ஒண்ணும் தெரியாது அந்த மனுசனுக்கு."

அக்டோபர் கடைசியில் துரைசாணி வந்தார். காரிலிருந்து இறங்கியதும் படியில் நின்றுவிட்டார். வலப்பக்க மரம் இடப்பக்கத்தைவிடச் செழிப்பாக இருந்தது. சொட்டை மூடி, உருண்டை முழுதாகி, இலைகள் எண்ணெய் தடவியது போலப் பளபளத்தன. ஒன்றைக் கிள்ளி மடித்து முகர்ந்தார். கண் கலங்கியிருந்தது, சொந்த ஊரையே முகர்ந்தவர் போல இருந்தார்.

"என்ன போட்டே, பஞ்சாலை?"

"கழனித்தண்ணிங்க."

துரைசாணிக்கு அந்தச் சொல் தெரியவில்லை. துரை ஆங்கிலத்தில் விளக்கினார். வாசல், தீப்பெட்டி, மூன்று நாள் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். துரைசாணி வாயைக் கையால் மூடிக்கொண்டார். நல்ல மனுஷி. அன்று மாலையே ஏதாவது செய்தாக வேண்டும் என்று துரையிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மாலை கிராணி ஒரு சீட்டைக் கொடுத்தார். தோட்டத்துத் தாள், துரையின் கையெழுத்து, மாவட்டப் போலீஸ் முத்திரை. ஒரே நாளில் வாங்கியிருந்தார்கள்.

"என்ன எழுதியிருக்குங்க?"

"பங்களாத் தோட்டத்து வேலைக்காக, பஞ்சாலைங்கிற தோட்டக்காரி, ஒரு டின் அரிசி கழுவிய தண்ணி வேலிக்கு வெளிய கொண்டுபோகலாம். மறு உத்தரவு வர்ற வரைக்கும் செல்லும்."

"இன்னொரு தடவை வாசிங்க."

அவர் இன்னொரு தடவை வாசித்தார். அவள் சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை வாசலில் வீரமுத்துதான் இருந்தான். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசியதில்லை. அவள் வரிசையில் வந்தால் வேறு பக்கம் நிற்பான். அன்று நகர முடியவில்லை. அவள் டின்னைக் கீழே வைத்துச் சீட்டை நீட்டினாள். அவன் பிரித்துப் பார்த்தான். டின்னைப் பார்த்தான். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை நல்லசாமியின் பழைய வேட்டியில் வடிகட்டியிருந்தாள்.

"சீட்டு சரியா இருக்கு அக்கா," என்றான். சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "குருணைய என்ன பண்ணீங்க?"

"வீட்டுல வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"எங்க கொட்டுறதுன்னு தெரியல."

பின்னால் நின்ற பெண்கள் நகரச் சொன்னார்கள். பஞ்சாலை டின்னை எடுத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பாதபடி நிதானமாகப் பங்களா மேட்டில் ஏறினாள்.